சுற்றிவைக்கும் புரதம் எதைத் திறப்பது என்று எப்படித் தீர்மானிக்கும்?

கேள்வி: உயர்தர உயிரியலில் ஹிஸ்டோன் என்றால் டி.என்.ஏ.யைச் சுற்றிக் கட்டி வைக்கும் புரதம் என்று படிக்கிறோம். பிறகு நிறமூர்த்தப் புரதங்கள் பரம்பரையலகின் வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் என்றும் வருகிறது. எல்லாக் கலத்திலும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு கட்டுப்பொருள், எந்தப் பரம்பரையலகைத் திறப்பது, எதை மூடுவது என்று எப்படித் தெரிவு செய்யும்?

பதில்:

ஹிஸ்டோன் தெரிவு செய்வதில்லை. உங்களுடைய ஐயம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. பட்டாணிச் செடியின் எச்4 ஹிஸ்டோனையும் மாட்டின் எச்4 ஹிஸ்டோனையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், 102 அமினோ அமிலங்களில் இரண்டுதான் வேறுபடும். செடிக்கும் மாட்டுக்கும் கிட்டத்தட்டப் பொதுவான ஒரு புரதத்துக்கு, ஈரல் கலத்தில் எந்தப் பரம்பரையலகு வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வழியே இல்லை.

ஆனாலும் கட்டுப்பாடு முழுவதும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது. எல்லாவற்றையும் பொதுவாக மூடி வைப்பது ஒரு வேலை. இந்த இடத்தைத் திற என்று முகவரி சொல்வது இன்னொரு வேலை. எடுத்த முடிவைக் கலம் பிரிந்த பிறகும் நினைவில் வைத்திருப்பது மற்றொன்று. மூடுவதும் நினைவில் வைப்பதும் ஹிஸ்டோனின் பங்கு. முகவரி சொல்வது வேறு புரதங்களின் வேலை. இந்த வேலைகளையெல்லாம் ஒரே புரதத்தின் தலையில் ஏற்றிப் படிப்பதால்தான் குழப்பம் வருகிறது.

மூடுவதிலிருந்து தொடங்குவோம். மனிதக் கலம் ஒன்றில் ஏறத்தாழ 640 கோடி மூலச் சோடிகள், அதாவது டி.என்.ஏ ஏணியின் படிகள், இருக்கின்றன. நீட்டிப் பிடித்தால் 2 மீற்றர். அது அடங்க வேண்டிய கரு 5 முதல் 10 மைக்குரோமீற்றர் அகலந்தான். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு ஹிஸ்டோன்களும் இரண்டிரண்டாகச் சேர்ந்து எட்டு மூலக்கூறு கொண்ட ஒரு தட்டு உருவாகிறது. அந்தத் தட்டை 147 மூலச் சோடி நீளமான டி.என்.ஏ ஏறத்தாழ 1.7 தரம் சுற்றுகிறது. இதுதான் நியூக்கிளியோசோம். அடுத்த தட்டு வரை சிறு இடைவெளி விட்டு, மறுபடி ஒரு சுற்று. அந்த இடைவெளியை எச்1 என்ற ஐந்தாவது ஹிஸ்டோன் பிடித்துக்கொள்கிறது. சராசரியாக 200 மூலச் சோடிக்கு ஒரு தட்டு என்று கணக்குப் போட்டால் ஒரு கலத்தில் ஏறத்தாழ 3 கோடித் தட்டுகள் வரும். இந்த அமைப்பை 1974இல் ரொஜர் கோர்ன்பேர்க் முன்வைத்தார். அணு அளவில் தெளிவான படம் 1997இல் வந்தது.

சுற்றிய டி.என்.ஏ.யின் ஒரு பக்கம் புரதத்தோடு ஒட்டிக் கிடக்கும். ஹிஸ்டோனில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இலைசின், ஆர்ஜினின் என்ற நேர் ஏற்றமுள்ள அமினோ அமிலங்கள், டி.என்.ஏ.யின் பொசுபேற்றுக்களோ மறை ஏற்றமுடையவை. பிடி இறுக்கமாக இருப்பதற்கு இதுவே முக்கிய காரணம். பிரதியெடுக்கும் ஆர்.என்.ஏ பொலிமரேசும் அதன் துணைப் புரதங்களும் வந்து அமர வேண்டிய தொடக்கப் பகுதி இந்தச் சுற்றுக்குள் அகப்பட்டுவிட்டால் அமர முடியாது.

இது ஊகம் அல்ல, நேரடியாகச் சோதித்த ஒன்று. 1980களின் இறுதியில் மைக்கல் குருன்ஸ்டைனின் குழு, மதுவக் கலங்களில் எச்4 உற்பத்தியை நிறுத்தித் தட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. பொசுபேற்றுத் தட்டுப்பாடு வந்தால் மட்டும் திறக்க வேண்டிய ஒரு பரம்பரையலகு, பொசுபேற்று தாராளமாக இருந்தபோதே திறந்துகொண்டது. திறக்கச் சொல்லும் சைகை எதுவும் வரவில்லை. மூடி அகன்றது மட்டுமே மாற்றம். பற்றீரியாவோடு ஒப்பிட்டால் இதன் பெறுமதி விளங்கும். ஈ. கோலையின் லக் ஒப்பரனை (லக்ரோசைப் பயன்படுத்த உதவும் பரம்பரையலகுத் தொகுதியை) படித்திருப்பீர்கள்: அங்கே இயல்பு நிலை திறந்திருப்பது, மூடுவதற்குத்தான் தனிப் புரதம் வேண்டும். நமது கலங்களில் நிலைமை தலைகீழ். இயல்பு நிலை மூடியிருப்பது, திறப்பதற்கு ஆள் வேண்டும்.

திறக்க வருபவை பிரதியாக்கக் காரணிகள். ஒவ்வொன்றும் 6 முதல் 12 வரையிலான மூலச் சோடி வரிசை ஒன்றை அடையாளம் காணும். பெரும்பாலானவற்றுக்குத் தட்டில் சுற்றிய வரிசையைப் பிடிக்க முடியாது. சில மட்டும் சுற்றின் வெளிப்பக்கத்திலிருந்தே தமது வரிசையைக் கண்டுபிடித்து ஒட்டும்; இவற்றை முன்னோடிக் காரணிகள் என்போம். ஈரல் உருவாகும் முளையத்தில் ஃபொக்ஸ்ஏ என்ற புரதம் செய்வது இதைத்தான். அது ஒட்டிய பிறகு மற்றவை வருகின்றன. அவற்றுள் ஏ.ரி.பி.யை எரித்துத் தட்டைத் தள்ளும், கழற்றும், மாற்றிப் பூட்டும் இயந்திரங்களும் உண்டு. சுவி/ஸ்னிஃப், ஐஎஸ்டபிள்யூஐ, சிஎச்டி, இனோ80 என நான்கு குடும்பங்கள். தட்டு சில பத்து மூலச் சோடி தூரம் வழுக்கினால்கூடப் போதும். மறைந்திருந்த தொடக்கப் பகுதி வெளியே வந்துவிடும். வேலை செய்யும் பரம்பரையலகுகளின் தொடக்கத்தில் ஒரு தட்டு அகலத்துக்கு வெற்றிடம் இருப்பதை எந்தக் கலத்திலும் காணலாம். எனவே “எது திறக்கும்?” என்பதற்கு நேரான விடை இது: அந்தக் கலத்தில் எந்தக் காரணிகள் இருக்கின்றனவோ அவற்றின் முகவரி எழுதப்பட்ட இடங்கள் திறக்கும். கண் கலத்திலும் ஈரல் கலத்திலும் ஹிஸ்டோன் ஒன்றே, காரணிகள்தான் வேறு.

இனி ஹிஸ்டோன் வால். ஒவ்வொரு ஹிஸ்டோனிலிருந்தும் ஒரு நெகிழ்வான நுனி தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதிலுள்ள இலைசின்களில் நொதியங்கள் சிறு இரசாயனக் கூட்டங்களைப் பொருத்துகின்றன. அசற்றைல் கூட்டம் பொருந்தினால் இலைசினின் நேர் ஏற்றம் இல்லாமற்போய்ப் பிடி தளர்கிறது. அசற்றைல் ஏற்றத்துக்கும் ஆர்.என்.ஏ உற்பத்திக்கும் தொடர்பு இருக்கலாம் என்று வின்சென்ட் ஒல்ஃப்ரி 1964இலேயே எழுதினார். பலர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 1996இல் டேவிட் அலிஸ் குழு அசற்றைலைப் பொருத்தும் நொதியத்தைப் பிரித்தெடுத்தபோது, அது ஏற்கெனவே மதுவத்தில் பரம்பரையலகைத் திறக்கத் தேவையானது என்று அறியப்பட்டிருந்த ஜிசிஎன்5 என்ற புரதத்தின் நெருங்கிய உறவாகவே இருந்தது. அதே ஆண்டு அசற்றைலைக் கழற்றும் நொதியமும் கிடைத்தது. அது அறியப்பட்ட ஓர் அடக்கிப் புரதத்தின் உறவு. துறை முழுவதும் திரும்பியது அந்த ஆண்டில்தான்.

இங்கே ஒரு சுருக்கச் சூத்திரம் மாணவர்களிடையே பரவியிருக்கிறது: “அசற்றைல் திறக்கும், மீதைல் மூடும்.” முதற்பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதியைத் தயவுசெய்து மனப்பாடம் செய்ய வேண்டாம். மீதைல் இலைசினின் ஏற்றத்தை மாற்றுவதே இல்லை. தன்னளவில் அது எதையும் திறக்காது, மூடாது. எந்த இலைசினில் இருக்கிறது, அதை எந்தப் புரதம் வந்து வாசிக்கிறது என்பதே பொருள். எச்3இன் 4ஆம் இலைசினில் மூன்று மீதைல் இருந்தால் அது வேலை செய்யும் பரம்பரையலகின் தொடக்கம். 36ஆம் இலைசினில் இருந்தால் பொலிமரேசு கடந்துபோன பாதை. 9ஆம் இலைசினில் இருந்தால் எச்பி1 என்ற புரதம் வந்து ஒட்டி அப்பகுதியை இறுக்கும். 27ஆம் இலைசினில் இருந்தால் பொலிகொம்ப் என்ற புரதத் தொகுதி அடக்கி வைத்த இடம். ஒரே மீதைல், நான்கு விளைவுகள். பரீட்சையில் “ஹிஸ்டோன் மீதைலேற்றம்” என்று மட்டும் வந்தால் இடத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். டி.என்.ஏ.யின் சைற்றோசினில் நடக்கும் மீதைலேற்றம் வேறு விடயம்; இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலப்பது விடைத்தாள்களில் அடிக்கடி நேரும் பிழை.

நினைவு வைத்திருப்பதற்கு நம் ஊர்த் தோட்டத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சுன்னாகம், புன்னாலைக்கட்டுவன் பக்கத்துச் செம்மண்ணில் மாரி முடிய வைக்கிற கோவா நன்றாக உருண்டு கட்டும். வெட்டாமல் விட்டாலும் பூந்தண்டு எழும்பாது. விதையைப் பக்கற்றில்தான் வாங்க வேண்டும். காரணம் மண்ணிலோ பசளையிலோ இல்லை. பெரும்பாலான கோவா இனங்கள் பூப்பதற்கு ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழே பல வாரங்கள் இருந்தாக வேண்டும். யாழ்ப்பாணத்து மார்கழி இரவுகூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது.

கோவாவின் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடொப்சிஸ் என்ற சிறு செடியில் இது மிக நுணுக்கமாக ஆராயப்பட்டிருக்கிறது. எஃப்எல்சி என்ற பரம்பரையலகின் புரதம் பூக்கும் சைகைகளைத் தடுத்து வைக்கிறது. குளிர் தொடர்ந்தால், வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வின்3 என்ற புரதம் சேருகிறது. அது பொலிகொம்ப் தொகுதியோடு கூடி எஃப்எல்சியின் தொடக்கத்திலுள்ள இரண்டு மூன்று தட்டுகளில் மட்டும் எச்3இன் 27ஆம் இலைசினுக்கு மூன்று மீதைல் எழுதுகிறது. குளிர் விலகி வெப்பம் திரும்பியதும் வின்3 மறைந்துவிடும். ஆனால் அந்தக் குறி அழியாமல் பரம்பரையலகு முழுவதற்கும் பரவுகிறது. எஃப்எல்சி நிரந்தரமாக மூடிவிட, செடி பூக்கிறது. கோவாவிலும் இதே வகைப் பரம்பரையலகுதான் பூப்பதைத் தடுக்கிறது.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. அரைக் காலம் குளிர்பட்ட செடியில் எஃப்எல்சி அரைவாசி அளவில் வெளிப்படும். ஒவ்வொரு கலத்திலும் அரைவாசியாகக் குறைந்திருக்கிறது என்றுதான் முதலில் எண்ணத் தோன்றும். அப்படியல்ல. கரோலின் டீனும் மார்ட்டின் ஹோவார்டும் 2011இல் காட்டியபடி, சில கலங்களில் அது முழுதாக மூடியிருக்கும், மற்றவற்றில் முழுதாகத் திறந்திருக்கும். குளிர் நீள நீள மூடிய கலங்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது. விதை உருவாகும்போது முளையத்தில் குறி அழிக்கப்படுகிறது; ஆகவே குளிர்நாட்டில் எடுத்த விதையை இங்கே போட்டாலும் அந்தச் செடிக்குப் புதிதாகக் குளிர் வேண்டும்.

கலம் பிரியும்போது இந்தக் குறி எப்படித் தப்புகிறது? டி.என்.ஏ இரட்டிக்கும்போது பழைய எச்3, எச்4 ஹிஸ்டோன்கள் இரு மகள் இழைகளுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்படும். மீதி இடத்தைக் குறியற்ற புதிய ஹிஸ்டோன் நிரப்பும். குறியின் செறிவு பாதியாகிவிடும். அடுத்த பிரிவில் காற்பங்கு. அப்படியே விட்டால் சில பிரிவுகளில் நினைவு போய்விடும். ஆனால் பொலிகொம்ப் தொகுதியின் ஓர் உறுப்பு பழைய குறியைப் பிடித்துக்கொள்ளும். அது பிடித்த உடனே அதே தொகுதியின் எழுதும் உறுப்பு வேகம் பெற்றுப் பக்கத்துப் புதிய தட்டில் அதே குறியை எழுதும். வாசிப்பதும் எழுதுவதும் ஒரே தொகுதியில் இருப்பதால்தான் நினைவு நிலைக்கிறது.

தொலைவிலிருந்து ஒரு பரம்பரையலகை இயக்கும் என்ஹான்சர் பகுதிகள் பத்தாயிரம், இலட்சம் மூலச் சோடிகளுக்கு அப்பாலும் இருக்கலாம். அவற்றைத் தொடக்கப் பகுதிக்கு அருகே கொண்டுவருவதில் கொஹீசின் என்ற வளையப் புரதம் டி.என்.ஏ.யை மடித்து இழுக்கிறது. சிடிசிஎஃப் என்ற புரதம் இருக்கும் இடத்தில் மடிப்பு நிற்கும்.

இவற்றில் ஒன்று கெட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் ஏராளம். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் சுவி/ஸ்னிஃப் இயந்திரத்தின் ஏதாவது ஓர் உறுப்பில் விகாரம் காணப்படுகிறது. சிறுவர்களின் மூளைத்தண்டுப் புற்று ஒன்றில் எச்3இன் 27ஆம் இலைசின் மெதியோனினாக மாறியிருப்பதை 2012இல் கண்டார்கள். மனிதனில் எச்3க்குப் பல பிரதிகள் உண்டு. ஒன்றே ஒன்று மாறினாலும் போதும், மாறிய வால் பொலிகொம்ப் நொதியத்தைத் தடுத்துக் கலம் முழுவதும் 27ஆம் இலைசினின் குறியைக் குறைத்துவிடுகிறது. நன்மைக்கும் இதே வழி திறந்திருக்கிறது. பிறந்த பின் முதிர்மூலவுரு ஹீமோகுளோபினை (பிறக்குமுன் சிசுவில் இருப்பதை) மூடுவது பிசிஎல்11ஏ என்ற புரதம். அது அந்தப் பரம்பரையலகின் தொடக்கத்தில் அமர்ந்து அசற்றைலைக் கழற்றும் தொகுதியை அழைத்துவருகிறது. குருதிக் கலங்களில் பிசிஎல்11ஏயைக் குறைத்தால் முதிர்மூலவுரு ஹீமோகுளோபின் மறுபடி வரும். தலசீமியாவுக்கும் அரிவாட்கல நோய்க்கும் 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதித்த பரம்பரையலகுத் திருத்தச் சிகிச்சை இந்த அறிவின் மேல் நிற்பது.

வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வல்புரோவேற்று அசற்றைலைக் கழற்றும் நொதியத்தைத் தடுக்கும் என்பது 2001இல் தெரியவந்தது. கர்ப்ப காலத்தில் அது முளையத்தின் முண்ணாணைப் பாதிப்பதற்கு இதுவும் காரணம் எனக் கருதப்படுகிறது. இதை வாசித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு உயிராபத்தாகும். கர்ப்பத்துக்கு முன்பே வைத்தியரோடு பேசி மாற்ற வேண்டும்.

ஹிஸ்டோனைக் கண்ணால் பார்க்க விரும்பினால், பல்கலைக்கழக மட்டத்து ஆய்வுகூடம் ஒன்றில் கோழி இரத்தமே போதும். நமது செங்குருதிக் கலத்தில் கரு இல்லை, கோழியினதில் உண்டு. அல்பிரெக்ட் கொசல் 1884இல் ஹிஸ்டோனை முதன்முதலில் பிரித்ததும் பறவை இரத்தத்திலிருந்துதான். அறுத்தவுடன் ஒன்பது பங்கு இரத்தத்தை, ஒரு பங்கு 3.8 சதவீதச் சோடியம் சித்திரேற்றுக் கரைசல் இருக்கும் குழாயில் பிடித்து உடனே ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் அரை மணி வெளியே நின்றாலே புரதப்பகுப்பு நொதியங்கள் வேலையைத் தொடங்கிவிடும். முதலில் அறுபடுவது எச்1உம் வால்களும்.

குளிர்ந்த பொசுபேற்று உப்புக் கரைசலால் மூன்று தரம் கழுவி மையநீக்கியில் சுழற்றி, ஒவ்வொரு தரமும் மேலே படியும் வெண்படலத்தை உறிஞ்சி எடுங்கள். பிறகு 10 மில்லிமோலார் டிரிஸ், 10 மில்லிமோலார் உப்பு, 3 மில்லிமோலார் மகனீசியம் குளோரைட்டு, 0.5 சதவீத டிரைற்றன் (சவர்க்காரம் போன்ற பொருள்) கொண்ட கரைசலில் 10 நிமிடம் ஐஸில் வைத்தால் கலமென்சவ்வு கரைந்து கரு மட்டும் மிஞ்சும். மகனீசியத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால் கரு வெடித்து, குழாயில் இருப்பது எல்லாம் வழுவழுப்பான கூழாகிவிடும்; அதற்குப் பின் செய்ய ஒன்றுமில்லை. பி.எம்.எஸ்.எஃப். போன்ற புரதப்பகுப்புத் தடுப்பியை அந்த நேரத்திலேயே சேருங்கள், நீரில் கலந்து வைத்தால் சில மணித்தியாலத்தில் செயலிழக்கும். அசற்றைல் குறியையும் பார்க்க வேண்டுமானால் எல்லாக் கரைசலிலும் 5 மில்லிமோலார் சோடியம் பியூற்றிரேற்று இருக்கட்டும்.

சிவப்பு போய்ப் படிவு வெளிறும் வரை அதே கரைசலால் கழுவுங்கள். பின் படிவின் கனவளவைப் போல் ஐந்து மடங்கு 0.2 மோலார் சல்பூரிக் அமிலம் சேர்த்து, 4 பாகையில் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஓரிரவு மெதுவாகச் சுழல விடுங்கள். டி.என்.ஏ.யும் பெரும்பாலான மற்றப் புரதங்களும் அடியில் தங்க, ஹிஸ்டோன் அமிலத்தில் கரைந்து மேலே நிற்கும். சுழற்றி, மேற்கரைசலில் முக்குளோரோ அசற்றிக் அமிலத்தைத் துளித்துளியாக, இறுதிச் செறிவு 33 சதவீதம் வரும்வரை விட்டு, அரை மணி ஐஸில் வைத்தால் குழாயின் சுவரில் மெல்லிய வெண்பூச்சாகப் படியும். குளிர்ந்த அசற்றோனால் இரு தரம் கழுவுங்கள். தண்ணீரால் கழுவினால் ஹிஸ்டோன் அதோடு போய்விடும். உலர்ந்தபின்தான் நீரில் கரைக்க வேண்டும். இந்த அமிலங்கள் தோலை எரிக்கும், கையுறை கட்டாயம்.

புரதங்களைப் பருமன்படி மின்னால் பிரிக்கும் 15 சதவீத ஜெல்லில் ஓட்டும்போது மாதிரியோடு கலந்த நீலச் சாயம் மஞ்சளாக மாறினால் அமிலம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். நீலம் திரும்பும்வரை சிறிதளவு டிரிஸ் சேருங்கள், இல்லையேல் பட்டைகள் கோணும். சரியாக வந்தால் 11 முதல் 17 கிலோடால்டன் வரை எச்3, எச்2பி, எச்2ஏ, எச்4 என நான்கு பட்டைகள் கிட்டத்தட்டச் சம கனத்தில் தெரியும். அவற்றுக்கு மேலே, எச்1க்குக் கீழே, ஒரு தடித்த பட்டை இருக்கும். அது எச்5, பறவைச் செங்குருதிக் கலத்துக்கே உரிய ஹிஸ்டோன். கலம் முதிர முதிர எச்5 குவிந்து, எச்1இன் இடத்தைப் பெருமளவு பிடித்து, கருவை இறுக்கிவிடும். பிரதியெடுப்பு கிட்டத்தட்ட நின்றுபோகும். அதே கோழியின் ஈரலிலிருந்து எடுத்த மாதிரியைப் பக்கத்து வரிசையில் ஓட்டினால் நான்கு பட்டைகளும் அப்படியே இருக்கும், எச்5 மட்டும் இராது. ஈரலை நறுக்குவதற்கு முன் குளிர்ந்த உப்புக் கரைசலை அதன் நாளத்தினூடாகச் செலுத்தி இரத்தத்தை முழுதாக வடியவிடுங்கள். தேங்கிய இரத்தம் இருந்தால் அதன் எச்5 ஈரல் வரிசையிலும் தெரிந்து முடிவைக் கெடுக்கும்.